மேக்ஸ்வெல் ஃபுட் சென்டர், எண் 1, கடையநல்லூர் தெரு!

சிங்கப்பூர் போன ஃபிரெண்ட் யாராவது மேக்ஸ்வெல் ஃபுட் சென்டர்ல சிக்கன் ரைஸ் சாப்பிட்டுட்டு ஸ்டேட்டஸ் போட்டிருப்பாங்க. அந்த இடத்தோட முகவரியை மேப்ல தட்டிப் பாருங்க. 'எண் 1, கடையநல்லூர் தெரு'ன்னு வரும். ஆமாங்க, நம்ம தென்காசிக்குப் பக்கத்துல இருக்கிற அதே கடையநல்லூர்தான். 2019 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டத்துல இருந்த ஊர். தாமிரபரணியில போய்ச் சேர்ற சிற்றாற்றுப் படுகை.

சிங்கப்பூர்ல ஒரு தெருவுக்கே பேர் வைக்கிற அளவுக்கு இந்த ஊர்க்காரங்க எப்படி அங்கே வேர் பிடிச்சாங்க? இன்னைக்கு குடும்பத்தோட வெளிநாடு கிளம்பற யாருக்கும் இந்தக் கதை உதவும்.

கடையநல்லூர் முஸ்லிம்கள் பெரும்பாலும் நெசவாளர்கள். மில் துணி சல்லிசா வர ஆரம்பிச்சதும் கைத்தறியில சோறு கிடைக்கலை. சிங்கப்பூரும் அப்போ பிரிட்டிஷ்காரன் கையில இருந்ததால கப்பல் ஏறினாங்க. இதுவரைக்கும் எல்லா ஊர் கதையும் ஒண்ணுதான். அப்போ தமிழ்நாட்டுல இருந்து போனவங்கள்ல பலரும் தனி ஆளாத்தான் போனாங்க. சம்பாதிச்சுப் பணம் அனுப்புவாங்க, சில வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவாங்க. ஆனா கடையநல்லூர்க்காரங்க பொண்டாட்டி, பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போய் துறைமுகத்துக்குப் பக்கத்துல தஞ்சோங் பகார்ல குடியேறினாங்க. அந்தக் காலத்துல இது ரொம்ப அபூர்வம்.

குடும்பம் வந்துட்டா செலவும் கூடவே வந்துடுமே? ஆம்பளைங்க கூலி வேலைக்குப் போனாங்க. பெண்கள் மசாலா அரைச்சு வித்தாங்க. தெரிஞ்ச வேலை, அம்மிக்கல்லு ஒண்ணு இருந்தா போதும், அக்கம்பக்கத்துல சமைக்கிற எல்லாருக்கும் அது தேவை. இன்னொரு வருமானம் வந்துச்சு. அதைவிட முக்கியமா, புது ஊர்ல பெண்களுக்கும் நாலு பேர் பழக்கம் கிடைச்சது. 'குடும்பத்தைக் காப்பாத்தினது தாத்தா'ன்னு சொல்ற வீடுகள்ல, பாட்டியோட கையையும் ஒரு தடவை நினைச்சுப் பார்க்கலாம். மிளகாய் அரைச்ச கை எப்படி எரியும்னு அரைச்சவங்களுக்குத்தான் தெரியும்.

இன்னைக்கு நிலைமை வேற. நீங்க எம்ப்ளாய்மென்ட் பாஸ்ல சிங்கப்பூர் போறீங்கன்னு வைங்க. மனைவியையோ கணவரையோ, பிள்ளைகளையோ டிபென்டென்ட் பாஸ்ல கூட்டிட்டுப் போகணும்னா, உங்க மாதச் சம்பளம் குறைஞ்சது 6,000 சிங்கப்பூர் டாலர் இருக்கணும். அப்படிப் போறவங்க அங்கே ஒரு கம்பெனியில வேலைக்குச் சேரணும்னா, 2021 மே மாசத்துல இருந்து தனியா வேலை பாஸ் வாங்கியாகணும். பி.இ., எம்.பி.ஏ. முடிச்ச பொண்ணு, 'கல்யாணமாகி சிங்கப்பூர்ல செட்டில்'னு சொந்தக்காரங்க பெருமைப்படுறப்போ, ஃபிளாட்டுக்குள்ள தனியா உட்கார்ந்திருக்கிறது இதனாலதான். ஆஃபர் லெட்டர் வந்ததும் சம்பளத்தை ரூபாய்க்கு மாத்திப் பார்க்கிறோம். கூட வர்றவங்க அங்கே என்ன செய்யப்போறாங்கன்னு கேட்கிறதுக்கு விமான டிக்கெட் போடுற வரைக்கும் நேரம் கிடைக்கிறதில்லை.

வேலைக்கு அடுத்து, பள்ளிக்கூடம். 1941-ல சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷமே ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடிச்சுட்டான். மூணரை வருஷம் பஞ்சமும் பயமும். போர் முடிஞ்ச மறுவருஷம், 1946-ல, அதே சங்கம் தொடங்கினதுதான் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி. சீறாப்புராணம் எழுதின உமறுப்புலவரோட அடக்கத்தலம் நம்ம எட்டயபுரத்துலதான் இருக்கு. பிழைக்கப் போன ஊர்ல, போர் முடிஞ்ச கையோட, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம்! 1960-ல அது உயர்நிலைப் பள்ளியாவும் வளர்ந்தது.

ஆனா, நாடு ஆங்கிலத்துக்கு மாறினப்போ வேலையும் ஆங்கிலத்துக்குப் பின்னாடியே போச்சு. பெத்தவங்க பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில சேர்த்தாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, நம்ம வீட்டுலயும் அதைத்தானே செய்யறோம்? 1982-ல பள்ளியை மூடிட்டாங்க. தஞ்சோங் பகார்ல ஒண்ணா இருந்த குடும்பங்களும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளுக்குப் பிரிஞ்சு போயிடுச்சு. எந்த இனமும் ஒரே கட்டடத்துல குவியக் கூடாதுன்னு 1989-ல அங்கே ஒதுக்கீடும் கொண்டுவந்தாங்க.

சிங்கப்பூர்ல தமிழ் ஆட்சிமொழி, பள்ளியில பாடம், ரயில் நிலையத்துல பலகை, எல்லாம் உண்டு. ஆனா மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்க. வீட்டுல அதிகம் பேசறது தமிழ்தான்னு சொன்ன இந்தியர்கள் 2010-ல சுமார் 37 சதவிகிதம், 2020-ல சுமார் 27 சதவிகிதம். பத்தே வருஷத்துல இந்தச் சரிவு, அரசாங்க ஆதரவு இருந்தும்! பள்ளியில வாரத்துல சில மணி நேரம் தமிழ் சொல்லிக்கொடுப்பாங்க. சாப்பாட்டு நேரத்துல என்ன பேசறதுங்கிறது அப்பா, அம்மா கையிலதான் இருக்கு.

உமறுப்புலவர் பேர் மட்டும் மறையலை. பள்ளி மூடின மறுவருஷமே, 1983-ல, அதே பேர்ல தமிழ் மொழி நிலையம் வந்துச்சு. தங்களோட பள்ளியில தமிழ் வகுப்பு இல்லாத பிள்ளைகள், இப்பவும் அங்கே வந்து தமிழ் படிச்சுட்டுப் போறாங்க.