பீலி வழிப்போரின் விளம்பரமும் வேலையும்

தென்மேற்குப் பருவக்காற்று கொழும்புக் கரையைத் தொடுவதற்குச் சில வாரங்கள் முன்னதாக, சித்திரைப் புத்தாண்டின் பட்டாசுச் சத்தம் ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும் காலத்திலே, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மின்கம்பங்களையும் மதிற்சுவர்களையும் ஊன்றிப் பார்க்கிறவர், அறை வாடகைக்கு உண்டு என்றும் டியூஷன் வகுப்பு ஆரம்பம் என்றும் கூறும் அறிவித்தல்களுக்கு நடுவே, கூரைப் பீலிகளைச் சுத்தம் செய்து தருவோம் என்கிற விளம்பரங்களையும் காணலாம். பீலி, டவுன் பைப், வெலன்ஸ் பலகை, கூரை ஒழுக்கு, சீலிங், வர்ணப்பூச்சு என்று சகல வேலைகளையும் ஒரே மூச்சில் அடுக்கி, அனுபவமிக்க ஊழியர்கள், நியாயமான கட்டணம், இலவச மதிப்பீடு, பூரண உத்தரவாதம், 24 மணித்தியால சேவை என்று முடிப்பது இவற்றின் பொதுவான பாணி. நள்ளிரவில் ஏணி சாத்திப் பீலி வழிக்கச் சொல்லுகிற கிருகஸ்தர் யாரோ, நாம் அறியோம். விளம்பரம் என்றால் சற்று அலங்காரம் இருக்கத்தான் செய்யும். ஆனால் இத்தனை வாசகங்களிலும், ஏணியில் ஏறுகிற மனிதன் மேலே போய் என்ன செய்வான் என்பது மாத்திரம் சொல்லப்படாமலிருப்பதே நமது விசாரத்துக்குரிய விஷயம்.

அந்த வேலையோ இடத்துக்கு இடம் வேறுபடுவது. கொட்டாஞ்சேனையின் பழைய தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. இரண்டு ஓட்டுக்கூரைகளும் சந்திக்கிற பள்ளத்தில், பொதுச்சுவரின் மேலாக ஓடுகிற பீலி யாருடையது என்ற வழக்குத் தீருமுன்னரே அதில் அரசங்கன்று முளைத்து வேர்விட்டுவிடும். அங்கே அடைபட்ட தண்ணீர் தெருவிலே வழிவதில்லை. நேரே சுவருக்குள்ளும் சீலிங்குக்குள்ளும் இறங்குகிறது. வெள்ளவத்தையில் சத்துரு வேறு. காலி வீதியிலிருந்து ரயில் பாதையை நோக்கி இறங்குகிற ஒழுங்கைகளில் சமுத்திரத்தின் உப்புக்காற்று தகரப் பீலியை அரித்துவிட, அந்தத் துருவும் மாவிலைச் சருகும் காக்கைக் கூட்டின் சுள்ளியும் சேர்ந்து கறுத்த சேறாகி டவுன் பைப்பின் வாயில் இறுகிக்கொள்ளும். துருப்பிடிக்காதென்று பீ.வீ.சீ. பீலிக்கு மாறியவர்கள் அநேகர். அதுவோ வெயிலிலும் சுமையிலும் தொய்ந்து, தொய்ந்த இடத்திலெல்லாம் தண்ணீரைத் தேக்குகிறது. தொடர்மாடிவாசிகளுக்குத் தலைக்கு மேலே பீலியே இல்லை. மொட்டைமாடியின் தண்ணீர்த் துவாரமே அந்த ஸ்தானத்தை வகிக்கிறது.

ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். ஆகவே 100 சதுர மீற்றர் கூரையொன்றின் மேல் 50 மில்லிமீற்றர் மழை கொட்டுமானால் 5,000 லீற்றர் தண்ணீர் அந்தக் குறுகிய பீலி வழியாகவே வெளியேற வேண்டும். பத்தடி நீளத்துக்குக் கால் அங்குலமாவது சரிவு இருந்தால்தான் அது ஓடும். இதைக் கண்கூடாகக் காட்டிய வயோதிபப் பாஸ் ஒருவரைக் கொட்டாஞ்சேனை வீடொன்றில் பார்த்தோம். சேறு முழுவதையும் கரண்டியால் வழித்து உரச்சாக்கில் கட்டி இறக்கிய பின்னர், பீலியின் ஒரு முனையிலே ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு அவர் காத்திருந்தார். தண்ணீர் பாதி வழியில் நின்றுவிட்டது.

“அம்மா, குப்பையை மட்டும் அள்ளிப் பிரயோசனமில்ல. வாட்டம் பிழை. கொளுக்கியைக் கழட்டி மாத்திப் போடணும்.”

“போன முறை வந்தவங்க உத்தரவாதம் எண்டு சொல்லித்தானே காசு வாங்கினாங்க?”

“எதுக்கு உத்தரவாதம் எண்டு கேட்டீங்களா அம்மா?”

வீட்டுக்கார அம்மையாரிடம் அதற்கு விடையில்லை. விளம்பரத்திலும் அதற்கு விடை இருந்திராது என்பது நமது அபிப்பிராயம்.

சமீப காலமாக இவ்விளம்பரங்களில் டெங்கு நுளம்பும் புகுந்துகொண்டது. 2017ஆம் ஆண்டிலே இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாகி, நானூறு பேருக்கு மேல் மாண்டதை அறிந்தவர்கள் அந்தச் சொல்லை அலட்சியம் செய்யமாட்டார்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புகள் பெருகுவதைத் தடுத்தல் சட்டம் வளவைத் துப்புரவாக வைத்திருக்கும் பொறுப்பை வீட்டுக்காரர்மேல் சுமத்துகிறபடியால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வருவார் என்ற பயமும் வியாபாரத்துக்கு உபகாரமாகிறது. ஆயினும் டெங்குவைப் பரப்பும் நுளம்பு தன் முட்டைகளைத் தண்ணீர் விளிம்பை ஒட்டிய பக்கங்களில் ஒட்டவைக்கிறது என்பதும், அம்முட்டைகள் உலர்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மீண்டும் தண்ணீர் பட்டால் ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பாகப் பறக்கும் என்பதும் அவ்விளம்பரங்களில் இராது. சேற்றை அள்ளித் தண்ணீரை வடித்தால் மாத்திரம் போதாது. உட்பக்கத்தைத் தூரிகையால் தேய்த்துக் கழுவவேண்டும். தேய்ப்பது நேரம் பிடிக்கிற வேலை. கீழே நிற்பவர் கண்ணுக்கும் தெரியாது. ஆகையால் முதலில் கைவிடப்படுவது அதுவே.

ஹை பிரஷர் முறையில் கூரை முழுவதையும் கழுவித் தருவதாகச் சிலர் பெருமை பேசுவதுண்டு. அஸ்பெஸ்டஸ் கூரைக்கு அது பெருமையல்ல, அபாயம். பலத்த நீர்த்தாரை பழைய தகட்டின் மேற்பரப்பை உரித்து, சுவாசத்துக்கு ஆகாத நார்களை வெளிப்படுத்திவிடும். அமெரிக்கக் கம்பனிகளோ பீலியின் மேல் வலை பொருத்திவிட்டு, இனி ஆயுள் முழுவதும் துப்புரவே வேண்டாம் என்று சத்தியம் செய்கின்றன. வலை மாவிலையைத் தடுக்கும். ஓட்டுத் தூளையும் பாசியையும் தடுக்காது.

நல்ல வேலைக்காரரின் வர்ணனை சுருக்கமானது. எத்தனை அடி பீலி, எத்தனை டவுன் பைப், சேற்றை அள்ளி எங்கே கொண்டுபோய்ப் போடுவார் (பலர் தெருக் கானிலே தள்ளிவிட்டுப் போகிறார்கள், அது அடுத்த மழையில் நம் வாசலுக்கே திரும்புகிறது), உட்பக்கம் தேய்க்கப்படுமா, தண்ணீர் ஊற்றி ஓட்டம் காட்டுவாரா, ஓடு உடைந்தால் யார் செலவு, ஏறுகிறவனுக்குக் கயிறு உண்டா. மழைநீர்த் தாங்கி வைத்திருப்போர், குழாயைக் கழற்றிய பிறகே பீலியைக் கழுவவேண்டும் என்றும் சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிடில் அழுக்கெல்லாம் தாங்கிக்குள் போய்ச்சேரும்.

இவற்றை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, கையொப்பத்தோடும் தொகையோடும் வாங்கிக்கொண்ட பின்னரே ஏணி சாத்த அனுமதியுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருள் விற்பவரை மட்டுமன்றிச் சேவை வழங்குபவரையும் கட்டுப்படுத்துகிறது. ஏமாற்றும்படியான கூற்று அதன் பிரகாரம் குற்றம். முறைப்பாட்டுக்குரிய தொலைபேசி இலக்கம் 1977.