சீவுபலகையும் கட்டைவிரலும்

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் காலையில் வறுவலுக்காக வாழைக்காய் சீவப் போய், என் வலது கட்டைவிரலின் நுனியையும் சேர்த்துச் சீவிக் கொண்டேன். போன பாகம் மிகச் சிறியதுதான். ஒரு துவரம்பருப்பு அளவு இருக்கலாம். ஆனால் அந்தத் துவரம்பருப்பு போன பிறகு பத்து நாள் வரையில் சட்டைப் பொத்தான் மாட்டுவதற்கும், பேனா பிடிப்பதற்கும், சாதம் பிசைவதற்கும் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. விரல் ஆறியதும் அந்தக் கருவியைத் தூக்கி எறிந்து விடலாமா என்று முதலில் தோன்றியது. பிறகு, குற்றம் கருவியினுடையதா, என்னுடையதா என்று சற்று விசாரித்துப் பார்த்தேன். அந்த விசாரணையில் தெரிந்து கொண்டவற்றை நேயர்களுக்கும் சொல்லி வைத்தால், வேறு சில கட்டைவிரல்களாவது பிழைக்கும் என்று நம்புகிறேன்.

கருவி இன்னதென்று முதலில் சொல்லி விடுகிறேன். கையகலத்தில் ஒரு நீண்ட பலகை; அதன் நடுவில் குறுக்கே ஒரு பிளவு; பிளவின் வாயில் கூரிய தகடு. காயைப் பலகையின் மேல் வைத்துத் தள்ளினால், மெல்லிய வில்லை ஒன்று பிளவின் வழியாகக் கீழே விழும். நம் வீடுகளில் இதைச் சீவல் கட்டை என்பார்கள். சிப்ஸ் கட்டை என்பாரும் உண்டு. நான் சீவுபலகை என்று சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் மாண்டலின். அப்பெயரைக் கேட்டதும் நமக்கு ஸ்ரீநிவாஸின் கச்சேரி ஞாபகம் வருமே தவிர, வாழைக்காய் வறுவல் ஞாபகம் வராது. ஆகையால் அந்தப் பெயர் நமக்கு வேண்டாம்.

தச்சன் கொடுத்த யுக்தி

இந்தக் கருவியின் ரகசியத்தை அறிய மேல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. தெருக்கோடியில் உள்ள தச்சுப் பட்டறைக்குப் போனால் போதும். தச்சர் இழைப்புளியை மரத்தின் மேல் ஓட்டுகிறார். சுருள் சுருளாகச் சீவல் எழுகிறது. அந்த இழைப்புளியைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, மரத்துக்குப் பதிலாக வெள்ளரிக்காயை அதன் மேல் ஓட்டினால் அதுவே சீவுபலகை. ஜெர்மானியர்கள் முட்டைக்கோஸை ஊறுகாய் போடுவதற்காக இத்தகைய பலகையில் சீவுவார்கள். அவர்கள் அதற்கு இட்டிருக்கும் பெயருக்குக் "கோஸ் இழைப்புளி" என்றுதான் பொருள். ஜப்பானியரும் கல்லைப்போல் காய்ந்த மீனை ஒரு பெட்டியின் மேல் தலைகீழாகப் பதித்த இழைப்புளியில் சீவித்தான் சாற்றுக்குச் சேர்க்கிறார்கள்.

பலகையில், கத்திக்கு முன்னால் இருக்கும் பாகம் கத்தியின் முனையைக் காட்டிலும் சற்றுத் தாழ்ந்திருக்கும். அந்தத் தாழ்வு எவ்வளவோ, வில்லையின் கனமும் அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் வில்லை விழும். சில பலகைகளில் இந்தத் தாழ்வைக் கூட்டவும் குறைக்கவும் திருகாணி உண்டு. கத்தி குறுக்கே நேராக இல்லாமல் சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தால் காய் அதன்மேல் வழுக்கிக்கொண்டு அறுபடும். தள்ளும் பலமும் குறைவாகவே தேவைப்படும். வாங்கும்போது கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இது. இரண்டாவது விஷயம், காயைக் குத்திப் பிடிக்கும் கைப்பிடி கூடவே இருக்கிறதா என்பது. நான் வாங்கியதில் இருந்தது. அதை அலமாரியின் மேல் தட்டில் பத்திரமாக வைத்திருந்தேன். என் விரல் போன கதை அவ்வளவுதான்.

ஒரே கனத்தின் மகிமை

"அரிவாள்மணை இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்கலாம். என் தாயார் அப்படித்தான் கேட்டாள். அவள் அரிவாள்மணையின் முன் உட்கார்ந்தால், பேசிக்கொண்டே ஒரு படி கொத்தவரங்காயை நறுக்கித் தள்ளி விடுவாள். அந்தக் கைக்கு எந்தக் கருவியும் ஈடாகாது. ஆனால் அது அறுபது வருஷம் பழகிய கை. எனக்கும் என் மனைவிக்கும் அந்தக் கை கிடையாது. தரையில் உட்கார முழங்கால் இடம் கொடாதவர்கள் பலர். அவர்கள் நின்றுகொண்டே செய்யக் கூடிய காரியம் இது. மேலும் பழகாத கையும் ஒரே கனத்தில் வில்லை போட முடிவது சீவுபலகையில்தான்.

ஒரே கனம் என்பது அழகுக்காக மட்டும் சொல்வதல்ல. வில்லையின் கனம் இரண்டு மடங்கானால், சூடு அதன் நடுவரை சென்று சேர ஏறக்குறைய நான்கு மடங்கு நேரமாகும். ஒரு ஈட்டில் மெல்லியதும் தடித்ததும் கலந்திருந்தால், மெல்லியது கருகும் வேளையில் தடித்தது உள்ளே பச்சையாக இருக்கும். வற்றலும் அப்படித்தான். தடித்த வில்லையில் ஈரம் தங்கி விட்டால், டப்பாவில் அடைத்த பிறகு அந்த ஒன்றிலிருந்து பூசணம் மற்றவற்றுக்கும் பரவும். நறுக்கும்போது சில நிமிஷம் மிச்சமாவதைவிட, பதம் தப்பாமல் வருவதுதான் இந்தப் பலகையால் உண்டாகும் பெரிய லாபம்.

விரல் போவது ஏன்?

நான் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் தாயார் சொன்னாள்: "அப்பா, அரிவாள்மணையிலே கத்தி என் கண்ணுக்கு நேரே நிற்கிறது. உன் பலகையிலே கத்தி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லையே!"

இதைவிடச் சரியான காரணத்தை எந்த நிபுணரும் சொல்லியிருக்க முடியாது. யோசித்துப் பார்த்தால் அரிவாள்மணையும் சீவுபலகையும் ஒரு ஜாதிதான். இரண்டிலும் கத்தி அசைவதில்லை. காய்தான் அதனிடம் போகிறது. ஆனால் அரிவாள்மணையின் அலகு நம்மைப் பார்த்தபடி நிமிர்ந்து நிற்கிறது. சீவுபலகையின் அலகோ காய்க்கு அடியில் ஒளிந்து கிடக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு தள்ளுக்கும் காய் தேய்ந்துகொண்டே வருகிறது. கையோ முதல் தள்ளில் இருந்த வேகத்தைக் குறைப்பதில்லை. பத்துத் தள்ளில் கைக்கு ஒரு தாளம் வந்து விடுகிறது. அந்தத் தாளத்தில் மனம் வேறு எங்கோ போய் விடுகிறது. காய் தீர்ந்தது கைக்குத் தெரிவதற்குள் விரல் கத்தியின் மேல் போய் விடுகிறது. முதல் வில்லையில் விரலை அறுத்துக் கொண்டவர்கள் அபூர்வம். கடைசி வில்லையில்தான் ஆபத்து.

செய்முறை

ஆகவே நான் இப்போது அனுசரிக்கும் முறை இது.

முதலில், பலகை நகரக் கூடாது. அதன் அடியில் பள்ளம் வெட்டியிருந்தால், அந்தப் பள்ளத்தில் பாத்திரத்தின் விளிம்பு பொருந்தும்படி வைக்க வேண்டும். பாத்திரத்தின் கீழே ஈரத்துணி ஒன்றை மடித்துப் போட்டால் அதுவும் வழுக்காது. உருண்டையான காயானால் ஒரு பக்கத்தைக் கத்தியால் தட்டையாக வெட்டி, அந்தத் தட்டையான முகம் பலகையில் படும்படி வைக்க வேண்டும். இல்லாவிடில் காய் உருளும். பிறகு கைப்பிடியைக் காயில் குத்தி, சீராகத் தள்ள வேண்டும். அமுக்கிப் பிடித்தால்தான் அறுபடுகிறதென்றால் கத்தி மழுங்கி விட்டதென்று அர்த்தம். கூரிய கத்தியைவிட மழுங்கிய கத்தியே அபாயகரமானது. பலத்தைப் பிரயோகித்துத் தள்ளும் கை சட்டென்று வழுக்கி விடும்.

காய் இரண்டு விரற்கடை மிச்சமிருக்கும்போது நிறுத்தி விட வேண்டும். இந்த ஒரு விதியை மறவாமல் இருந்தால் மற்றவற்றில் பாதி மறந்தாலும் பாதகமில்லை. மிஞ்சிய துண்டைக் கத்தியால் நறுக்கிச் சாம்பாரில் போட்டால் வீணாகாது. "கடைசிவரை சீவினால்தானே சிக்கனம்?" என்று நானும் நினைத்தவன்தான். அந்தச் சிக்கனத்தில் மிச்சமானது காலணாப் பெறாத வாழைக்காய்த் துண்டு.

கைப்பிடி பிடிக்காதவர்களுக்கு, அறுபடாத நூலில் பின்னிய கையுறைகள் இப்போது கிடைக்கின்றன. அவை கத்தி உராய்வதைத் தாங்கும்; ஆனால் முனை குத்துவதைத் தடுக்கும் என்று நம்பக் கூடாது.

நாகர்கோவிலிலும் கோழிக்கோட்டிலும் வறுவல் கடைக்காரர்கள் நேந்திரங்காயைக் கொதிக்கும் எண்ணெய்க்கு நேர் மேலேயே சீவித் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அற்புதமாக இருக்கும். வீட்டில் அதைப் பரீட்சை செய்ய வேண்டாம். அவர்களுக்கு அது தினசரித் தொழில். நமக்கோ ஆவியும் எண்ணெயும் கத்தியும் ஒரே சமயத்தில் சேர்ந்த சங்கடம். மஞ்சள் கலந்த தண்ணீரில் சீவிப் போட்டு, வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக்கி, பிறகு எண்ணெயில் இட்டாலும் வறுவல் நன்றாகவே வரும். உருளைக்கிழங்கு வில்லைகளைக் குளிர்ந்த நீரில் இரண்டு தடவை அலசினால் மேலுள்ள மாவு போய், ஒன்றோடொன்று ஒட்டாது.

எந்தக் காய்க்கு எந்தக் கனம்?

வாழைக்காய், உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர். வெள்ளரி, முள்ளங்கி, காரட் ஆகியவற்றைப் பச்சடிக்குச் சீவ இரண்டு. கோஸ் பொரியலுக்கும் இரண்டு போதும். கோஸை நாலாகப் பிளந்து, அடுக்குகள் குலையாமல் பிடித்துச் சீவ வேண்டும். தோசைக்கல்லில் போட்டு வாட்டும் உருளைக்கிழங்கு ரோஸ்டுக்கு மூன்று. காரட்டைச் சாய்த்து வைத்துத் தள்ளினால் வில்லை நீளமாக விழும்.

எல்லாக் காயும் இந்தப் பலகைக்கு ஆகாது. பழுத்த தக்காளி நசுங்கும். வெண்டைக்காய் வழுக்கும். வாழைத்தண்டின் நார் பிளவில் சிக்கிக்கொண்டு உயிரை வாங்கும்; நாரை விரலில் சுற்றியெடுத்துக்கொண்டே நறுக்க அரிவாள்மணைதான் சரி. வாழைப்பூவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகையால் சீவுபலகை வந்து விட்டதென்று அரிவாள்மணையைப் பரணில் ஏற்றி விடாதீர்கள்.

அறுத்துக் கொண்டால்

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒரு நாள் அறுபடலாம். அப்போது காப்பிப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் பொடி ஒன்றையும் காயத்தில் அப்பக் கூடாது. சுத்தமான ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை மார்புக்கு மேல் உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிஷம் துணியை எடுத்துப் பார்க்காமல் அழுத்த வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் கலைந்து மறுபடி பெருகும். அதற்கும் நிற்காவிட்டாலோ, காயம் ஆழமாயிருந்தாலோ, விரல் மரத்துப் போனாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டியதுதான். சதைத்துண்டு தனியாக விழுந்திருந்தால் அதை ஈரத்துணியில் சுற்றி, பையிலிட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும்; துண்டைப் பனிக்கட்டியிலேயே போடக் கூடாது. தனுர்வாதத் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கழுவும்போதும் கவனம் வேண்டும். சோப்பு நுரை நிறைந்த தொட்டியில் பலகையைப் போட்டு விட்டால், அதை அறியாமல் கைவிடுபவருக்குக் காயம் நிச்சயம். உபயோகித்த உடனே குழாயடியில் பிடித்து, தூரிகையால் கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்து முனைப் பக்கமாகத் தேய்த்து, துடைத்து, உறையிட்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மரப்பலகையானால் ஊற விடக் கூடாது, பிளந்து விடும்.

உங்களுக்கு ஏன் இந்த வேலை?

என் விரலைப் பார்க்க வந்த அடுத்த வீட்டு நண்பர், "ஸார், காய் நறுக்குவதெல்லாம் உங்களுக்கு ஏன்? அதற்கு வீட்டில் பெண்கள் இல்லையா?" என்று அனுதாபத்துடன் கேட்டார். காயத்தைவிட அந்தக் கேள்விதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

1916-ஆம் வருஷத்தில் வினோபா பாவே என்ற இருபது வயது இளைஞர், ஆமதாபாத்தில் கோச்ரப் என்னுமிடத்திலிருந்த ஆசிரமத்துக்குக் காந்திஜியைத் தரிசிக்கச் சென்றார். காந்திஜி அப்போது காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தேசத் தலைவர் ஒருவர் காய் நறுக்கி வினோபா அதற்கு முன் பார்த்ததில்லை. காந்திஜி அவர் கையிலும் ஒரு கத்தியைக் கொடுத்தார். அந்த இளைஞர் கற்ற முதல் பாடம் அதுதான். காய் நறுக்குவது சின்ன வேலை என்றோ, பெண்களுக்கு மட்டும் உரிய வேலை என்றோ அந்த ஆசிரமத்தில் யாரும் எண்ணவில்லை. அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகி விட்டது. தேசம் சுதந்திரம் அடைந்து விட்டது. ஆனால் பல வீடுகளில் சமையலறைக் கதவைத் தாண்டி உள்ளே போக ஆண்பிள்ளைகளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சீவுபலகை அந்தத் தைரியத்தைச் சிறிது கொடுக்கிறது. அறுபது வருஷப் பழக்கம் இல்லாதவனும் ஒரு வாரத்தில் உபயோகமுள்ளவனாகி விடலாம். நண்பரிடம் இதைச் சொல்லி, ஒரு வெள்ளரிக்காயையும் பலகையையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் தயங்கித் தயங்கிச் சீவ ஆரம்பித்தார். நாலு வில்லை விழுந்ததும் முகம் மலர்ந்தது. கை வேகம் பிடித்தது.

"கைப்பிடியைக் கொடுத்தாயா?" என்று உள்ளேயிருந்து என் தாயாரின் குரல் கேட்டது.

ஓடிப் போய் அலமாரியின் மேல் தட்டிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். இப்போது அது பலகையோடு சேர்த்து ஒரே ஆணியில் தொங்குகிறது.