நோய் போனாலும் கூன் வளரும்!

குழந்தைகளின் முதுகெலும்பை அரிக்கும் டி.பி.; ஆபரேஷனுக்குச் சரியான நேரம் எது?

கூன் விழுவது கிழவர்களுக்குத்தான் என்று நினைக்கிறீர்களா? இல்லை. 4 வயதுக் குழந்தைக்கும் கூன் விழும்!

அதற்கு ஒரு முக்கிய காரணம், டி.பி. என்கிற காசநோய்.

டி.பி. என்றால் இருமல், சளியில் ரத்தம் என்றுதான் பலருக்கும் தெரியும். அது நுரையீரலில் வருகிற டி.பி. அதே கிருமி ரத்தத்தோடு கலந்து எலும்புக்கும் போகும். எலும்புகளில் அது அதிகமாகக் குடியேறுகிற இடம் முதுகெலும்பு. அந்தக் காலத்தில் இந்த நோயை "எலும்புருக்கி" என்றார்கள். முதுகெலும்பைப் பொறுத்தவரை அந்தப் பேர் அப்படியே பொருந்தும்.

பயப்பட வேண்டாம். மருந்து இருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் கிருமி செத்துப் போகும். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

திருடனைப் பிடித்து உள்ளே போட்டாயிற்று. சரி, அவன் கன்னம் வைத்த சுவர் என்ன ஆவது?

கூன் விழுவது எப்படி?

கழுத்தில் இருந்து இடுப்பு வரை 24 எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. ஒவ்வொரு எலும்புக்கும் முன்பக்கம் கட்டை மாதிரி ஒரு பாகம். உடம்பின் பாரத்தைத் தாங்குவது அதுதான். பின்பக்கம் வளையம் போல ஒரு பாகம். மூளையில் இருந்து வருகிற தண்டுவடம் அந்த வளையத்துக்குள்தான் இறங்குகிறது.

டி.பி. கிருமி பெரும்பாலும் முன்பக்கத்துக் கட்டையை அரிக்கிறது. பின்பக்கம் தப்பித்துக்கொள்கிறது. முன்னால் அஸ்திவாரம் போனால் சுவர் எந்தப் பக்கம் சாயும்? முன்பக்கம்தான். முதுகு முன்னால் மடிகிறது. பின்னால் முடிச்சு போல எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. இதுதான் கூன்.

பெரியவர்களுக்கு இந்த நோய் வந்தால், புண் ஆறியதும் சாய்வது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. குழந்தைகள் கதை வேறு. அவர்கள் எலும்பு இன்னும் முற்றாதது. அதனால் சேதம் அதிகம். அதோடு குழந்தை வளருகிறது அல்லவா? முன்பக்கம் வளரவேண்டிய எலும்பு அழிந்துவிட்டது. பின்பக்கத்து எலும்பு மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. குழந்தை வளர வளரக் கூனும் வளருகிறது!

61 குழந்தைகள், 15 வருஷம்

இதை வெறும் அனுமானம் என்று தள்ளிவிட முடியாது. கோவை கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு டாக்டர் எஸ்.ராஜசேகரன், ஆபரேஷன் இல்லாமல் மருந்து மட்டும் சாப்பிட்டுக் குணமான 61 குழந்தைகளின் கணக்கை 2001-ம் ஆண்டு வெளியிட்டார். 15 வருஷம் தொடர்ந்து கவனித்து எடுத்த கணக்கு அது.

நோய் ஆறிய பிறகு நடந்தது என்ன?

நூற்றுக்கு 44 பேருக்குக் கூன் தானாகவே குறைந்தது. 17 பேருக்குப் பெரிய மாற்றம் இல்லை. மீதி 39 பேருக்கு வளர்ச்சி நிற்கிற வரை கூன் ஏறிக்கொண்டே போனது!

இந்த 39-லும் ஒரு ரகம் உண்டு. நோய் ஆறி 3 முதல் 6 வருஷம் வரை முதுகு சும்மா இருக்கும். "பிள்ளை பிழைச்சுது" என்று பெற்றோர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டார்கள். அதற்கு அப்புறம் கூன் ஏற ஆரம்பிக்கும்.

அப்படியானால் எல்லாக் குழந்தைக்கும் கத்தி வைக்க வேண்டியது இல்லை. யாரையும் விட்டுவிடவும் முடியாது. எந்தக் குழந்தைக்கு ஆபத்து என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும்.

எக்ஸ்ரே காட்டும் 4 தடயங்கள்

அதற்கு 4 தடயங்களை அவர் சொன்னார். சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரிகிறவை.

1. பின்பக்கத்தில் எலும்பையும் எலும்பையும் இணைக்கும் சிறு மூட்டு விலகி இருப்பது.

2. அரித்த எலும்பு பின்னால் தள்ளப்பட்டுத் தண்டுவடத்தின் பக்கம் வருவது.

3. மேல் எலும்பு பக்கவாட்டில் நகர்ந்து இருப்பது.

4. மேல் எலும்பு கீழ் எலும்பின் மீது குப்புறச் சரிவது.

இவை எத்தனை கூடுதலாக இருக்கிறதோ, கூன் ஏறும் ஆபத்தும் அத்தனை கூடுதல். அந்தக் குழந்தைக்குக் கூன் முற்றும் முன்பே ஆபரேஷன் செய்துவிட்டால் பின்னால் வரும் தொல்லை தவிரும்.

சென்னை சொன்ன சேதி

இந்தக் கூனுக்கு ஆபரேஷன் செய்வது 1911-ம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஹிப்ஸ், ஆல்பி என்ற 2 டாக்டர்கள் தனித்தனியே இதைச் செய்து காட்டினார்கள். ஆல்பி, நோயாளியின் கால் எலும்பில் துண்டு வெட்டி முதுகில் பதித்தார். அப்போது கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. குழந்தைகளை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் படுக்கையிலேயே போட்டு வைப்பார்கள்.

பிறகு ஆங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் என்ற டாக்டர்கள் முன்பக்கமாகவே உள்ளே போய், அழுகிய எலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் நல்ல எலும்பை வைத்தார்கள். இதை அவர்கள் 1956-ல் வெளியிட்டார்கள்.

அதே 1956-ல் நம் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. டி.பி. நோயாளி ஆஸ்பத்திரியிலேயே கிடக்க வேண்டாம், வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-ல் உலகத்துக்கு அறிவித்தது இந்த மையம்தான். முதுகெலும்பு டி.பி.யிலும் பெரும்பாலோருக்கு, நடமாடிக்கொண்டே மருந்து சாப்பிட்டால் போதும் என்பது பிறகு இங்கு நடந்த ஆராய்ச்சியில் தெரிந்தது.

மருந்து கிருமியைக் கொல்லும். சாய்ந்த எலும்பை நிமிர்த்த மருந்தால் ஆகாது. அங்கேதான் ஆபரேஷன் வருகிறது.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

சீழையும் அழுகிய எலும்பையும் எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் விலா எலும்பு அல்லது இடுப்பு எலும்புத் துண்டை வைக்கிறார்கள். சிலருக்கு உலோகக் கூண்டு வைப்பதும் உண்டு. பின்பக்கம் இரு புறமும் திருகாணி முடுக்கி, கம்பி போட்டு நிமிர்த்திப் பிடிக்கிறார்கள். எலும்புகள் ஒட்டி ஒன்றாகிவிடும்.

"தண்டுவடத்தில் பட்டுவிட்டால் கால் போய்விடுமே?" நியாயமான பயம்தான். 1973-ல் பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் ஒரு வழி சொன்னார்கள். ஆபரேஷன் நடுவிலேயே மயக்கத்தைக் குறைத்து, "காலை ஆட்டு" என்பார்கள். கால் ஆடினால் தண்டுவடம் பத்திரம். மறுபடி மயக்கம் கொடுத்து வேலையை முடிப்பார்கள். இப்போது தண்டுவடத்தின் ஓட்டத்தை ஆபரேஷன் முழுவதும் காட்டுகிற மின்கருவியே இருக்கிறது.

தள்ளிப்போட்டால்?

கூன் 60 டிகிரியைத் தாண்டினால் பார்வைக்கு மட்டும் கெடுதல் இல்லை. மார்புக் கூடு நெருங்கி மூச்சு வாங்கும். துருத்திய எலும்பின் மேல் தண்டுவடம் இழுபட்டுக்கொண்டே இருக்கும். நோய் போய்ப் பல வருஷம் ஆனபின், ஒரு நாள் கால்கள் தள்ளாடும். கடைசியில் நடையே போய்விடலாம். அப்போது செய்கிற ஆபரேஷன் பெரியது. இறுகிப்போன எலும்பை ஆப்பு வடிவத்தில் வெட்டி நிமிர்த்த வேண்டும். ஆபத்தும் அதிகம்.

பள்ளிக்கூடத்தில் "கூனி", "கூனன்" என்று கூப்பிடுவதை எந்த எக்ஸ்ரேயும் காட்டாது. அந்தப் பிள்ளை படுகிற பாடு அதற்குத்தான் தெரியும்.

பெற்றோர் கவனத்துக்கு

குழந்தை ராத்திரியில் முதுகு வலி என்று வீறிட்டு அழுகிறதா? கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்காமல், முதுகை விறைப்பாக வைத்து உட்கார்ந்து எடுக்கிறதா? மாலையில் காய்ச்சல், எடை குறைவு, நடக்கும்போது தடுமாற்றம், முதுகில் சின்ன முடிச்சு - இதில் ஏதாவது உண்டா?

"விழுந்துட்டான், அதான் வீங்கியிருக்கு" என்று இருந்துவிடாதீர்கள். சுளுக்கு என்று நினைத்து நீவி விடாதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள்.

எலும்பு டி.பி.க்குக் குறைந்தது 12 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். "ஆபரேஷன்தான் ஆயிடுச்சே" என்று நடுவில் நிறுத்தக் கூடாது. அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம். சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. அது 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆகிவிட்டது. சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற இலவச டெலிபோன் எண்ணில் கேட்கலாம்.

மாத்திரை முடிந்துவிட்டது என்று சும்மா இருக்காதீர்கள். வளர்ச்சி நிற்கிற வரை, டாக்டர் சொல்கிற தேதியில் குழந்தையை அழைத்துப் போய்க் காட்டுங்கள். போகும்போது பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். அதையும் இதையும் வைத்துப் பார்த்தால்தான் கூன் ஏறுகிறதா, நின்றுவிட்டதா என்று தெரியும்.