பல்லில் இருப்பது அழுக்கல்ல, குடித்து வளர்ந்த தண்ணீர்

கடந்த நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு என் ராத்தாவின் மகள் செட்டிகுளத்திலிருந்து நுரைச்சோலைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள். வயது 22. வந்த நாள் முதல் ஷாலின் நுனியால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசினாள். அது அவளுடைய பழைய பழக்கம் என்பதால் நான் பெரிதாக எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நடுச்சாமத்தில் என்னை எழுப்பினாள்.

"சாச்சி, பல்லெல்லாம் கூசுது. தண்ணி கூடக் குடிக்க ஏலாம இருக்கு."

டோர்ச் அடித்துப் பார்த்தேன். முன்பற்களை ஒட்டிய முரசு வெந்ததுபோல் வெளுத்திருந்தது. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்துத் தந்தாள். தொலைபேசியில் விளம்பரம் பார்த்து வரவழைத்த, பல்லை வெண்மையாக்கும் ஜெல். நான்கு இரவுகள் தொடர்ந்து பூசியிருக்கிறாள். பெட்டியில் சிரிக்கும் வாய் ஒன்றின் படம் இருந்தது. உள்ளே என்ன மருந்து, எத்தனை வீதம் என்று ஒரு வரியும் இல்லை.

காரணத்தைப் பிறகுதான் சொன்னாள். இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் "பிள்ளை நல்லம், பல்லுத்தான்" என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். அவளுடைய முன்பற்களில் சுண்ணாம்பு தடவியது போன்ற வெள்ளைக் கோடுகளும், நடுவே தேயிலைச் சாயம் போன்ற கபிலத் திட்டுகளும் உண்டு. எங்கள் அயலவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இங்கத்தைய நிலக்கரித் தூசு பட்டிருக்கும்" என்றார். நுரைச்சோலையில் எதற்கும் முதலில் 900 மெகாவோட் அனல்மின் நிலையத்தின் மீதுதான் சந்தேகம் போகும். ஆனால் தூசு பல்லின் மேல் படியுமே தவிர, பல்லுக்குள்ளே கோடு போடாது. அதுவும் அவள் இங்கே வளர்ந்தவள் அல்ல.

புத்தளத்தில் ஒரு பல் வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அவர் வாயைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி ஜெல்லைப் பற்றியதல்ல. "பிள்ளை சின்ன வயசில எந்த ஊர்த் தண்ணி குடிச்சது?"

நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவள். இருந்தும் அந்தக் கேள்வியை அதுவரை நான் கேட்டதில்லை. வன்னியிலும் வவுனியாவிலும் வளர்ந்து, இப்போது உலகின் எந்த மூலையில் இருந்தாலும் கையால் வாயை மூடிச் சிரிக்கும் எத்தனையோ பேருக்கு அது உரிய கேள்வி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனாமல் ஒருமுறைதான் உருவாகும்

பல்லின் வெளி ஓடுதான் எனாமல். எமது உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். நிறையில் ஏறத்தாழ 96 வீதம் கனிமம். கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த பளிங்குகள் நெருக்கமாக அடுக்கப்பட்டது. பல் முரசைக் கிழித்து வெளியே வருமுன்பே அதைக் கட்டிய கலங்கள் அழிந்துவிடும். எனவே எலும்பு முறிந்தால் பொருந்துவதுபோல் எனாமல் மீண்டும் வளராது. தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

நிலைத்த முன்பற்களின் எனாமல், பிள்ளை பிறந்த சில மாதங்களில் தாடைக்குள்ளே உருவாகத் தொடங்குகிறது. கடைவாய்ப் பற்கள் வரை பார்த்தால் எட்டு வயது மட்டும் இந்த வேலை நடக்கும். அந்த வயதில் குடிநீரில் புளோரைட் அளவுக்கு மிஞ்சி இருந்தால், பளிங்குகள் நெருக்கமாக அடுங்காமல் எனாமலுக்குள் நுண்ணிய துளைகள் தங்கிவிடுகின்றன. வெள்ளைத் திட்டாகத் தெரிவது அந்தத் துளைகள்தான். பல் முளைத்த பிறகு தேநீரும் உணவுச் சாயமும் துளைகளுக்குள் இறங்கக் கபில நிறம் வருகிறது. இதைத்தான் பல் புளோரோசிஸ் என்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைட்டை மேல் வரம்பாக வைத்துள்ளது. வெயிலில் அதிகம் தண்ணீர் குடிக்கும் எமது நாட்டுக்கு அதிலும் குறைந்த அளவே பாதுகாப்பு. அனுராதபுரம், பொலன்னறுவை, வவுனியா உட்பட உலர் வலயத்தின் பல இடங்களில் நிலத்தடி நீர் இந்த வரம்பைத் தாண்டுகிறது. கடினப் பாறைக்குள் இறங்கும் ஆழமான குழாய்க்கிணறுகளில், ஆழம் குறைந்த திறந்த கிணறுகளைவிடப் பெரும்பாலும் புளோரைட் கூட. இடம்பெயர்ந்தும் மீள்குடியேறியும் கைப்பம்பு அடித்துத் தண்ணீர் எடுத்த குடும்பங்கள் இதை யோசிக்க வேண்டும். தண்ணீர் கிடைத்ததே பெரிது என்றிருந்த நாட்களில் அதில் என்ன கரைந்திருக்கிறது என்று யார் கேட்டார்கள்?

நுரைச்சோலைக் கதை வேறு. இங்கே மணல் நிலம், ஆழமற்ற கிணறுகள். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் பசளையிலிருந்து நைத்திரேற்று நீரில் இறங்குவதுதான் கற்பிட்டிக் குடாநாட்டின் பெரிய கவலை. நைத்திரேற்று பல்லில் கறை போடாது.

வெண்மையாக்கும் ஜெல் என்ன செய்கிறது?

இந்த ஜெல்களில் வேலை செய்வது ஐதரசன் பெரொக்சைட், அல்லது உடைந்து அதைத் தரும் காபமைட் பெரொக்சைட். 10 வீத காபமைட் பெரொக்சைட்டிலிருந்து சுமார் 3.5 வீத ஐதரசன் பெரொக்சைட் வரும். அது எனாமலின் ஊடாக உள்ளே போய், நிறந்தரும் மூலக்கூறுகளை உடைத்து வெளிறச் செய்கிறது. அதாவது அது பல்லைக் கழுவுவதில்லை, வெளுக்கிறது.

பல் வைத்தியரின் கண்காணிப்பில், குறைந்த செறிவில், அமிலத்தன்மை இல்லாத ஜெல்லைக் குறித்த நாட்களுக்குப் பாவித்தால் எனாமலுக்கு வரும் மாற்றம் சிறிது. மேற்பரப்பு கொஞ்சம் மென்மையாகும். உமிழ்நீரில் உள்ள கல்சியமும் பொஸ்பேற்றும் அதைப் பெரும்பாலும் சரிசெய்துவிடும். கூச்சமும் சில நாட்களில் தணியும். செறிவு கூடினால், ஜெல்லில் அமிலம் இருந்தால், இரவுக்கு இரவு திரும்பத் திரும்பப் பூசினால் கதை மாறும். கனிமம் இழக்கப்பட்டு மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. சொரசொரப்பான பல்லில் புதிய கறை இன்னும் இலகுவாகப் பிடிக்கும். முரசில் பட்டால் வேகும். வைத்தியர்கள் கூடிய செறிவைப் பாவிக்கும்போது முதலில் முரசை மூடிப் பாதுகாப்பது அதனால்தான்.

புளோரோசிஸ் உள்ளவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. துளை நிறைந்த எனாமலில் கூச்சம் கூடலாம். சுற்றியுள்ள பல் வெளிற, வெள்ளைத் திட்டுகள் ஆரம்பத்தில் முன்பைவிட எடுப்பாகவும் தெரியலாம். என் மருமகள் நான்காம் நாள் கண்ணாடியில் கண்டதும் அதைத்தான். கறை கூடிவிட்டதென்று பயந்து இன்னும் தடித்துப் பூசியிருக்கிறாள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011ஆம் ஆண்டின் விதிப்படி, 0.1 வீதத்துக்கு மேல் ஐதரசன் பெரொக்சைட் உள்ள பொருளை நேரடியாகப் பொதுமக்களுக்கு விற்க முடியாது. 6 வீதம் வரையானதைப் பல் வைத்தியர் மூலமே பெறலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடாது. பிரித்தானியாவில் அழகுநிலையங்கள் இந்தச் சிகிச்சையைச் செய்வது சட்டவிரோதம். அங்கே இத்தனை கட்டுப்பாடு உள்ள பொருள் இங்கே பெயரில்லாத பெட்டியில் வீட்டு வாசலுக்கு வருகிறது.

உமிக்கரியும் தேசிக்காயும்

ஜெல் வேண்டாம், பழைய முறை போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்கு ஒன்பது வயது. மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டியில் வந்து இறங்கினோம். கிடுகுக் குடிலில் பல ஆண்டுகள். உம்மா அடுப்புக்கரியையும் உப்பையும் இடித்து வைப்பா, அதுதான் எங்கள் பற்பொடி. அதே ஆண்டுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த வன்னியிலும் சவர்க்காரமே கிடைக்கவில்லை, பற்பசைக்கு எங்கே போவது?

இல்லாத காலத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கரியும் உமிக்கரியும் செங்கல் தூளும் அரத்தைப் போல எனாமலைத் தேய்க்கின்றன. எனாமல் மெலிய, உள்ளிருக்கும் மஞ்சள் படையான டென்டின் தெரியத் தொடங்கும். மஞ்சளைப் போக்கத் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் கூடும். உம்மாவின் பற்கள் இன்று அப்படித்தான் இருக்கின்றன. இப்போது அழகான ரியூப்பில் வரும் கரிப் பற்பசைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். தேசிக்காய்ச் சாறு அதைவிட மோசம். அமிலத்தன்மை பி.எச். 5.5 அளவுக்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும். தேசிக்காய்ச் சாறு ஏறக்குறைய 2.

வெற்றிலைக் கறை, தேநீர்க் கறை, புகையிலைக் கறை பல்லின் மேலே படிபவை. வைத்தியர் துப்புரவு செய்தாலே பெருமளவு போய்விடும், வெளுக்கத் தேவையில்லை.

அப்படியானால் வழி என்ன?

புளோரோசிஸ் இலேசானதாக இருந்தால் ஒன்றுமே செய்யாமல் விடலாம். அந்தப் பல் பலவீனமானதும் அல்ல. இலேசான புளோரோசிஸ் உள்ள பற்களில் சூத்தை குறைவு என்பது 1930களிலேயே கவனிக்கப்பட்டது. கபிலத் திட்டு மனதை வருத்தினால், எனாமலின் மேற்படையை மிக மெல்லியதாக அகற்றுவது, துளைகளுக்குள் ரெசின் செலுத்துவது, பல்லின் நிறத்திலான பூச்சால் மூடுவது என்று வழிகள் உண்டு. வெளுப்பதையும் இவற்றோடு அளவாகச் சேர்ப்பார்கள். எது பொருந்தும் என்பதைப் பல்லைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆனால் அடுத்த பிள்ளைக்கு மருந்து வேறு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சிற்றூர். தூரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் எடுக்கத் தொடங்கிய பின் பிள்ளைகளின் பற்களில் கபிலக் கறை வருவதைப் பெற்றோர் கண்டார்கள். 1923இல் அங்கே போன பிரெட்ரிக் மக்கே என்ற பல் வைத்தியருக்குக் காரணம் பிடிபடவில்லை. இருந்தும் அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார். சில ஆண்டுகளில் இளைய பிள்ளைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன. காரணம் புளோரைட் என்று 1931இல்தான் தெரிந்தது.

எமக்குக் காரணம் தெரியும். கிணற்று நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கலாம். கொதிக்க வைப்பதால் புளோரைட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். மண் வடிகட்டியும் உதவாது. ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீர், சுத்தமாகச் சேமித்த மழைநீர் இரண்டும் உதவும். வீட்டுக்கே போதாவிட்டால் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் குடிநீருக்கும் சமையலுக்குமாவது அதை ஒதுக்குங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பற்பசை ஒரு அரிசியளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

மருமகளின் முரசு ஒரு கிழமையில் ஆறியது. கூச்சம் போக இன்னும் சில நாட்கள் எடுத்தது. கபிலத் திட்டுக்கு மட்டும் சிகிச்சை செய்ய நாள் குறித்திருக்கிறோம். ஊருக்குத் திரும்பும்போது அவள் கேட்டது தன் பல்லைப் பற்றியல்ல. அவளுடைய நானாவுக்கு ஏழு மாதக் குழந்தை இருக்கிறது.

"சாச்சி, தண்ணி சோதிக்க எத்தனை போத்தல் கொண்டு போகணும்?"