‘கொம்பெயார்’ என்ற சொல்லும் நமது மதிப்புரைகளும்



சில ஆண்டுகளுக்கு முன் இளம் எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுதிக்கு ஆங்கிலத்தில் மதிப்புரை எழுதினேன். அவர் கதைகளைச் செக்கோவின் கதைகளோடு வைத்துப் பார்த்து, எங்கே தளர்ந்துள்ளன என்று காட்டுவதே என் நோக்கம். ஆனால், அடுத்த தொகுதியின் பின்னட்டையில் ‘செக்கோவுக்கு ஒப்பானவர்’ என்று என் பெயருடன் அச்சாகியிருந்தது! உள்ளே பழைய குறைகள் அப்படியே இருந்தன. என் மதிப்புரையை எடுத்துப் பார்த்தேன். பிழை என்னுடையதுதான். ‘கொம்பெயார்’ என்ற வினைக்குப் பின் ‘வித்’ வரவேண்டிய இடத்தில் ‘டு’ எழுதியிருந்தேன்.

‘உடன்’, ‘சமம்’ என்ற பொருள்தரும் இரு லத்தீன் கூறுகளிலிருந்து வந்தது இச்சொல். ‘டு’ சேர்ந்தால், வேறுபட்ட இரண்டிடையே ஓர் ஒப்புமையைக் காண்பது. வாழ்வைப் பயணம் என்பதுபோல. தமிழில் இதனை உவமித்தல் எனலாம். ‘வித்’ சேர்ந்தால், ஒரே இனத்தவற்றை அருகருகே வைத்து ஒற்றுமையையும் வேற்றுமையையும் நிறுத்துப் பார்ப்பது. இது ஒப்புநோக்கல். ஒரு குறளின் இரு மொழிபெயர்ப்புகளை எடைபோடுவது இவ்வகை.

பவுலர் 1926இல் வெளியிட்ட ஆங்கில வழக்கு நூலிலும் இவ்வேறுபாடு விளக்கப்பட்டுள்ளது. ‘கொம்பெயார்ட்’ என்ற எச்ச வடிவில் மட்டும் இன்று ‘டு’, ‘வித்’ இரண்டுமே தாராளமாக வழங்குகின்றன. ‘இது அதனோடு கொம்பெயார் ஆகாது’ என்ற பொருளில் வந்தால், ‘ஈடாகாது’ என்று கொள்க.

ஷேக்ஸ்பியரின் சொனெற்றுகள் 1609இல் நூலாயின. அவற்றில் 18ஆவது, அன்புக்குரியவரைக் கோடைகால நாளொன்றுக்கு உவமிக்கலாமா என்று ‘டு’ போட்டே தொடங்குகிறது. ஆனால், கோடை குறுகியது, சில வேளை வெம்மை மிஞ்சுவது எனக் கவிஞர் அடுக்கும்போது உவமானமே தோற்றுப்போகிறது. நமது அணியிலக்கணத்தார் வேற்றுமையணி என்று சொல்வதற்கு அண்மையானது இது. உவமிக்கத் தொடங்கியவர் ஒப்புநோக்கி முடிக்கிறார்.

நம்மிடையே பேராசிரியர் க. கைலாசபதி சங்கச் செய்யுள்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களுடன் ஆராய்ந்து 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலை எண்ணிப் பாருங்கள். ‘சங்கப் புலவர் ஹோமருக்கு நிகர்’ என்று புகழ்ந்து அவர் நின்றுவிடவில்லை. இரு கவிதை மரபுகளும் எவ்வாறு உருவாயின என்று பார்த்தார்.

‘ஈழத்துச் செக்கோவ்’, ‘நமது மோப்பசான்’ என்ற பட்டங்கள் நம் மதிப்புரைகளில் மலிந்துள்ளன. எழுத்தாளர் மகிழ்வார், கற்க அவருக்கு எதுவும் கிடையாது. அந்தப் பின்னட்டையைப் பார்த்த நாளிலிருந்து, மதிப்புரையை அனுப்புமுன் அந்தச் சிறு இடைச்சொல்லை ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறேன்.