எரிந்தது போக எஞ்சியதையேனும் காப்போம்

1981 ஆம் ஆண்டு யாழ். பொதுசன நூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, தலைமுறைகளாகப் பேணிய உடைமைகளை அவர்கள் விட்டுச்செல்ல நேர்ந்தது. இவ்விழப்புகள் ஈடுசெய்ய முடியாதவை. ஆனால், குடாநாட்டில் எஞ்சியுள்ள வைத்திய ஏடுகளுக்கும் அரபுத்தமிழ்க் கிதாபுகளுக்கும் இன்று எதிரி தீயல்ல. கறையானும் இராமபாணப் பூச்சியும் பங்கசுமே.

இவற்றை அழிக்க உலகம் கையாளும் வழிகளுள் ஒன்று காமாக் கதிர்வீச்சு. கோபால்ட்-60 இலிருந்து வெளிப்படும் இக்கதிர்கள் மூடிய பெட்டியையும் ஊடுருவிச் சென்று, பூச்சிகளையும் அவற்றின் முட்டைகளையும் பங்கசு வித்திகளையும் செயலிழக்கச் செய்கின்றன. கட்டை அவிழ்க்கவோ நச்சுப்புகை இடவோ தேவையில்லை. கதிர்பட்ட பொருள் கதிரியக்கம் உடையதாக மாறுவதுமில்லை. பங்கசு பீடித்த எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேஸின் மம்மி 1977 இல் பிரான்ஸில் இம்முறையிலேயே காப்பாற்றப்பட்டது.

எனினும், இது சர்வரோக நிவாரணி அன்று. பூச்சிகளை அழிக்கச் சிறிதளவு கதிர்வீச்சே போதும். பங்கசுக்கு அதனினும் பன்மடங்கு வேண்டும். அளவு மிஞ்சினால் தாளுக்கும் ஓலைக்கும் வலுவூட்டும் செலுலோசு இழைகள் அறுபட்டு, பொருள் நொறுங்கத் தொடங்கும். ஒரே ஏட்டுக்குத் திரும்பத் திரும்பக் கதிரூட்டுவதும் அதனால் தகாது. மேலும், இது வந்த நோயைத் தீர்க்குமேயன்றி வருநோயைத் தடுக்காது. ஈரக்கசிவுள்ள அறைக்கே ஏடுகள் திரும்புமாயின் பூச்சியும் திரும்பிவரும்.

இலங்கை அணுசக்திச் சபையின் காமாக் கதிர் நிலையம் 2014 இல் பியகமவில் திறக்கப்பட்டது. மருத்துவப் பொருட்களைக் கிருமிநீக்குவது போன்ற பணிகளுக்கென அமைந்த அதன் ஆற்றலை எமது ஏடுகளுக்கும் பயன்படுத்த முடியுமா என்பதை யாழ். பல்கலைக்கழகம் ஆராய முன்வரவேண்டும். எழுத்தற்ற பழைய ஓலைகளிலேயே முதற் பரிசோதனை நடைபெறட்டும். அதற்கு முன்பாக, 2005 முதல் நூலக நிறுவனம் ஆற்றிவரும் எண்ணிமப் பணியினூடே ஒவ்வோர் ஏடும் படமாக்கப்படட்டும்.

வீட்டுப் பரணிலும் கோயில் பெட்டகத்திலும் பள்ளிவாசல் அலுமாரியிலும் இருப்பவற்றை வெளிக்கொணர்வது எமது கடமை. தீ வைத்தவரை நாம் குற்றஞ்சாட்டலாம். கறையானுக்குக் கொடுத்துவிட்டால் எவரைக் குற்றஞ்சாட்டுவோம்?