சமயப் பூசல்களும் செதுக்குச் சித்திரங்களும்

செப்புத் தகட்டிலே கூரிய உளியாற் கோடுகள் கீறி, அக்கோடுகளில் மை நிரப்பித் தாளில் அழுத்திப் பெறுவது செதுக்குச் சித்திரமாகும். மரப்பலகையைச் செதுக்கிப் படியெடுப்பதும் உண்டு. ஓவியம் ஒருவர் இல்லத்தில் அடங்கும். செதுக்குச் சித்திரமோ பல படிகளாக ஊரெங்கும் பரவும். ஆதலின் ஐரோப்பியச் சமயப் பூசல்களில் அது ஒரு படைக்கலமாயிற்று.

இதற்கு மார்ட்டின் லூதரே தக்க சான்று. 1520 இல் அவருடைய நண்பர் லூக்காஸ் கிரானாக் செப்பிற் கீறிய உருவம், உச்சி மழித்த, கன்னம் ஒட்டிய துறவி ஒருவரைக் காட்டுகின்றது. மறு ஆண்டிலே ஹான்ஸ் பால்டுங் தமது மரச்செதுக்கில் அத்துறவியின் தலையைச் சூழ ஒளிவட்டமும், மேலே தூய ஆவியைக் குறிக்கும் புறாவும் அமைத்தார். 1529 இல் கத்தோலிக்க அறிஞர் கொக்ளேயஸ் வெளியிட்ட நூலின் முகப்பிலோ லூதர் ஏழு தலைகளோடு தோன்றினார். ஒரு தலையில் துருக்கியர் தலைப்பாகை, மற்றொன்றைச் சுற்றிக் குளவிகள். ஒன்பது ஆண்டுகளில் மாறியது அவர் முகமன்று, செதுக்குவித்தோரின் நோக்கமே.

மன்னார்க் கரையின் வரலாற்றுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவர் மன்னார் மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். 1544 இல் யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி அவர்களிற் பலரைக் கொல்வித்தான். கத்தோலிக்கச் சித்திரங்களிற் சவேரியார், விண்ணோக்கிய விழிகளோடு, அன்பின் அனல் தாளாது நெஞ்சருகே அங்கியை விலக்கி நிற்பார். போர்த்துக்கேயர் ஆதிக்கம் குறித்து மன்னன் கொண்ட அச்சத்திற்கோ, மாண்டவர்தம் துயருக்கோ அங்கே இடமில்லை.

1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தரோடு வந்தவர் போதகர் பிலிப்புஸ் பால்டேயஸ். 1672 இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவரது நூலில் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்கள் பலவற்றின் செதுக்குச் சித்திரங்கள் உள. மன்னார்த் தீவின் தேவாலயங்களை எண்ணுமிடத்து எருக்கலம்பிட்டியின் பெயரும் அந்நூலில் வருகின்றது. கத்தோலிக்கர் எழுப்பிய கோயில்களை ஒல்லாந்தர் தமதாக்கிக்கொண்டனர். சித்திரத்திற் சுவரும் கூரையும் தெரிகின்றன. அவை கைமாறிய கதை தெரிவதில்லை. ஆயினும் அதே நூலின் எழுத்திலே, மாற்றுச் சபையினரான சவேரியாரைப் பால்டேயஸ் பெரிதும் புகழ்கின்றார். உளி சொல்லாததை எழுதுகோல் சொல்லிற்று.

ஆதலின், பழஞ்சித்திரத்தைச் சான்றாகக் கொள்வோர் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும்: செய்வித்தவர் யார்? செய்த காலம் எது? சேர்க்கப்பட்டது யாது? விடப்பட்டது யாது? இவற்றுள் இறுதி வினாவுக்கு விடை சித்திரத்தில் இராது. அதனைப் பிற சான்றுகளிலேதான் தேடல் வேண்டும். அவ்வாறு தேடாது, பகைவர் செதுக்கிய உருவை மெய்யென நம்புவதும், அன்பர் செதுக்கியதை ஐயமின்றி வணங்குவதும் ஒரே பிழையின் இரு பக்கங்களாம்.